கோபுரம் இல்லாத நாளில்

1995 ஜூலை 31. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் என்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட பேச்சு அது. அந்த நாட்களில் பேசினால் காசு. மற்றவர் கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு. பணக்காரர்களின் பொம்மை என்று பலரும் அதைக் கேலி செய்தார்கள். அதே ஜோதி பாசுவின் ஆட்சியில்தான், கல்கத்தாவுக்கு வடகிழக்கே ராஜர்ஹாட்டின் வயல்வெளிகளில் ஒரு புதிய நகரம் திட்டமிடப்பட்டது. அதைக் கட்டுவதற்காக ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் 1999ல் அமைந்தது. இன்று அந்த இடத்தின் பெயர் நியூ டவுன்.

அகலமான சாலைகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள், வானத்தை முட்டும் அடுக்குமாடிகள். வேலை தேடி வந்த தமிழர்களும் அங்கே உண்டு. எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காகவே கட்டிய நகரம் போலத் தோன்றும். அந்த எதிர்காலத்துக்கு 2020 மே 20 அன்று ஒரு சோதனை வந்தது. சுந்தரவனக் காடுகளைக் கடந்து கரையேறிய ஆம்பன் புயல் நகரத்தை உலுக்கியது. நியூ டவுனுக்கு அருகிலுள்ள டம்டம் விமான நிலையத்தில் காற்றின் வேகம் மணிக்கு 133 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, சில பகுதிகளில் நாள்கணக்கில் திரும்பவில்லை. கூடவே செல்போனும் போயிற்று.

செல்போன் ஏன் போக வேண்டும்? கையில் போன் இருக்கிறது. அதில் சார்ஜும் இருக்கிறது. பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் நண்பரின் போனும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுக்கொன்று பேச முடியாது. காரணம் எளிது. செல்போன் என்பது பக்கத்து வீட்டாரோடு பேசும் கருவி அல்ல. கோபுரத்தோடு பேசும் கருவி. நூறு அடி தள்ளி நிற்பவருக்கு நீங்கள் அனுப்பும் செய்தியும் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அநேகமாக வேறு ஊரையோ வேறு நாட்டையோ சுற்றிக்கொண்டுதான் திரும்பி வரும். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். மரம் விழுந்த சாலையில் டீசல் வராது. கண்ணாடி இழைக் கம்பியும் அறுந்துவிட்டால் டீசல் இருந்தும் பயனில்லை. சென்னைவாசிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் படித்த பாடமும் இதுவேதான்.

இந்த இடத்தில்தான் கொஞ்ச காலமாகச் சில எஞ்சினியர்கள் கேட்டுவரும் கேள்வி பிறக்கிறது. போன்கள் கோபுரத்தை மறந்துவிட்டு ஒன்றோடொன்று நேராகப் பேசினால் என்ன?

அதற்கான கருவி ஏற்கனவே நம் பையில் இருக்கிறது. ஒவ்வொரு போனிலும் புளூடூத் என்ற சிறிய ரேடியோ உண்டு. வைஃபை என்ற கொஞ்சம் பெரிய ரேடியோவும் உண்டு. பாட்டுக் கேட்பதற்கும் படம் அனுப்புவதற்கும் நாம் அவற்றைப் பயன்படுத்துகிறோம். புளூடூத்தின் வீச்சு அறைகளுக்குள் பத்து முதல் முப்பது மீட்டர். வெட்டவெளியில் நூறு மீட்டரை எட்டலாம். இது போதாதே என்று தோன்றும். ஆனால் உங்கள் போன் அனுப்பும் செய்தியை எதிர்வீட்டுப் போன் வாங்கி, அதற்கு அடுத்த வீட்டுப் போனுக்கு அனுப்பி, அது இன்னொன்றுக்கு அனுப்பினால்? கல்யாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கைமாறிப் பந்தியின் கடைசிக்குப் போவது போலச் செய்தி போய்விடும். நடுவில் இருப்பவர்கள் அதைப் படிக்க முடியாதபடி ரகசிய எழுத்தில் பூட்டி அனுப்பலாம். பெறுபவரிடம் மட்டுமே சாவி இருக்கும். டிவிட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி 2025 ஜூலையில் வெளியிட்ட பிட்சாட் இந்த வகைதான். ஒரு செய்தி அதில் ஏழு கைகள் வரை மாறிச் செல்லலாம். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஏழு கை என்பது சில நூறு மீட்டர். ஊரைக் கடக்காது. ஆனால் ஒரு குடியிருப்பின் ஒரு மூலையில் உள்ள டாக்டரிடம், மறு மூலையில் உள்ள கிழவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று சொல்லிவிடும்.

வீடுகள் நெருங்கி இல்லாத இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது. சுந்தரவனத்தில் மக்கள் வாழும் தீவுகள் ஐம்பதுக்கும் மேல். தீவுக்குத் தீவு புளூடூத் எட்டாது. ஆனால் படகு எட்டும். ஒரு தீவின் செய்திகளைப் படகோட்டியின் போன் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த தீவை அடைந்ததும் அங்குள்ள போன்களிடம் கொட்டிவிடும். தபால்காரர் செய்த வேலைதான். அவருக்கே தெரியாமல் அவர் சட்டைப்பை செய்கிறது. தாமதமானாலும் பரவாயில்லை, போய்ச் சேர்ந்தால் சரி என்ற இந்த முறையில் வங்காளத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. துர்காப்பூர் என்.ஐ.டி., கரக்பூர் ஐ.ஐ.டி., கொல்கத்தா ஐ.ஐ.எம். ஆகியவற்றின் ஆராய்ச்சியாளர்கள் 2010களில், பேரிடருக்குப் பின் தகவல் திரட்டுவதற்காகச் செல்போன்களைக் கொண்டே இத்தகைய வலையைப் பின்னிப் பார்த்தார்கள்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. வெள்ளத்தில் தவிப்பவருக்கு உதவி கேட்க ஒரு வழி, நல்லதுதானே என்போம். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கோபுரத்தைப் புயல் மட்டும் சாய்ப்பதில்லை. அரசாங்கமும் அணைத்து வைக்கிறது.

2018 மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது. வதந்தி பரவாமல் தடுக்க என்றது அரசு. உண்மையும் சேர்ந்தே நின்றுபோயிற்று. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் செல்போனோடு சாதாரண டெலிபோனும் மௌனமானது. அங்கே அதிவேக மொபைல் இன்டர்நெட் திரும்பி வர 2021 பிப்ரவரி ஆயிற்று, ஒன்றரை வருடம். காலவரையில்லாமல் துண்டிப்பது செல்லாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் துண்டிப்புகள் நிற்கவில்லை. 2022 மார்ச்சில் பள்ளி இறுதித் தேர்வு சமயத்தில் மேற்கு வங்க அரசு பல மாவட்டங்களின் சில பகுதிகளில் இன்டர்நெட்டை நிறுத்தியது; கல்கத்தா உயர் நீதிமன்றம் மார்ச் 10ல் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. டெல்லியில் எந்தக் கட்சி, கொல்கத்தாவில் எந்தக் கட்சி என்பதெல்லாம் இந்த விஷயத்தில் பொருட்டே இல்லை. சுவிட்ச் கையில் இருந்தால் விரல் தானாக அங்கே போகிறது.

ஆகவே கோபுரம் தேவைப்படாத போன் வலை, சுவிட்சுக்கு அப்பாற்பட்ட வலையும் ஆகிவிடுகிறது. உலகம் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. 2014ல் ஹாங்காங் குடைப் போராட்டத்தில் மாணவர்கள் ஃபயர்சாட் என்ற செயலியைக் கையில் எடுத்தார்கள். 2019ல் அதே ஊரில் பிரிட்ஜ்ஃபை வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் இந்தியாவில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டங்களின்போதும் பலர் அதை இறக்கிக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில் நேபாள அரசு சமூக வலைதளங்களை முடக்கியது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிட்சாட்டை இறக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை அங்கே திடீரென ஏறியது.

போராடுபவருக்கு வெறும் வலை போதாது. பெயர் தெரியாத வலை வேண்டும். யார் யாரிடம் பேசினார் என்ற பட்டியலே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும். என்ன பேசினார் என்பது இரண்டாம் பட்சம். சாதாரண போனில் இந்தப் பட்டியல் கம்பெனியிடம் தானாகவே சேர்கிறது. சிம் கார்டு உங்கள் அடையாள அட்டையோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. நேரடி வலையில் நடுவில் கம்பெனி இல்லாததால் பட்டியலும் இல்லை. பிரையர் என்ற செயலியில் போன் நம்பரே கேட்பதில்லை. இருவர் நேரில் சந்தித்து ஒருவர் போனை மற்றவர் போனிடம் காட்டி அறிமுகம் செய்துகொள்ளலாம்.

காகிதத்தில் எல்லாம் அழகு. நடைமுறையில்? 2020 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிரிட்ஜ்ஃபையைப் பிரித்துப் பார்த்தார்கள். அதைப் பயன்படுத்துபவரை அடையாளம் கண்டு பின்தொடரலாம், செய்திகளைப் படிக்கலாம், இன்னொருவர் வேடத்தில் பேசலாம், விஷமத்தனமான ஒரே ஒரு செய்தியால் வலை முழுவதையும் முடக்கலாம் என்று காட்டினார்கள். தெருவில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் நம்பிய செயலி இது. கம்பெனி ரகசிய எழுத்து முறையை மாற்றியது. 2022ல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் ஓட்டைகளைக் காட்டினார்கள். பிட்சாட்டிலும் வெளியான சில நாட்களுக்குள், ஒருவர் இன்னொருவராக நடிக்க வழி இருப்பது தெரியவந்தது. வெளியார் யாரும் இதன் பாதுகாப்பைப் பரிசோதிக்கவில்லை என்று டோர்சியே எச்சரிக்கை ஒட்டவேண்டி வந்தது. ஆக, 'பாதுகாப்பானது' என்று செயலியின் முகப்பில் எழுதியிருப்பதை யாரும் அப்படியே நம்பவேண்டாம். பிறர் அதை உடைத்துப் பார்த்தார்களா, உடைந்ததைச் சரிசெய்தார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அரசின் தரப்பையும் கேட்க வேண்டும். 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் உலவுகிறார்கள் என்று வாட்ஸ் அப்பில் சுற்றிய வதந்தி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரின் உயிரைக் குடித்தது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் அவர் செய்த 'குற்றம்'. அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படி உயிர்கள் போயின. வாட்ஸ் அப் நிறுவனம் ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. நடுவில் ஒரு நிறுவனம் இருந்ததால் அதனிடம் இதைக் கேட்க முடிந்தது. யாருமே நடுவில் இல்லாத வலையில் யாரிடம் போய்க் கேட்பது? பயங்கரவாதிகள் எல்லைக்கு அப்பாலிருந்து பேசுகிறார்களே என்ற கவலையும் பொய்யல்ல. 2023 மே மாதம் மத்திய அரசு, ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் பதினான்கு செயலிகளைத் தடை செய்தது. பிரையரும் அதில் ஒன்று. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, செய்தி அனுப்பும் செயலிகள் போனில் உள்ள சிம் கார்டோடு பிணைக்கப்பட்டே இயங்கவேண்டும் என்று உத்தரவிட்டது. மோசடிக்காரர்களைப் பிடிக்க என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருவண்ணாமலையில் அந்த மூதாட்டியைக் கொன்ற வதந்தி, பெயரில்லாத வலையில் சுற்றவில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கிய சிம் கார்டுகளில், போன் நம்பர் தெரிய, சொந்தக்காரர்களும் நண்பர்களும் அடங்கிய குழுக்களில்தான் சுற்றியது. அனுப்பியவர் யார் என்று தெரிந்ததால்தான் அது நம்பப்பட்டது. 'மாமா அனுப்பியிருக்கிறார், பொய்யா இருக்கும்?' பெயர் தெரிந்தால் பொறுப்பு வரும் என்பது பாதி உண்மை. பெயர் தெரிந்தால் நம்பிக்கையும் வரும். தகுதி இல்லாத செய்திக்கும் வரும்.

முழுக்க முழுக்கப் பெயரோடு இயங்கும் வலையும் நம்மிடம் உண்டு. ஹாம் ரேடியோ. அரசு நடத்தும் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென ஒரு அழைப்புக் குறியைச் சொல்லித்தான் பேச வேண்டும். ரகசிய எழுத்தில் பேசக்கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ரேடியோப் பயணமாகப் போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும்தான், தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றித் தவித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அன்று ரேடியோ ஒன்றே கதி. மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் காணாமற்போகும் முதியவர்களை வீடு சேர்ப்பதிலும் அங்குள்ள ஹாம் ரேடியோக்காரர்கள் பெயர் வாங்கியவர்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. ஆபத்தில் இருப்பவர் தன் பெயரை உரக்கச் சொல்ல விரும்புகிறார். 'நான் இன்னார், ஏழாவது மாடி, இன்சுலின் தீர்ந்துவிட்டது.' அதிகாரத்தை எதிர்ப்பவர் தன் பெயரை மறைக்க விரும்புகிறார். இரண்டும் எதிரெதிர்த் தேவைகள். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய சாதனம் ஒன்றே. இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம் என்று அரசு நினைக்கிறது. முடியுமா?

முடியாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இத்தகைய வலை, பக்கத்து வீட்டாரிடமும் அது இருந்தால்தான் வேலை செய்யும். பத்தாயிரம் பேர் வசிக்கும் இடத்தில் பத்துப் பேரிடம் மட்டும் இருந்தால் செய்தி முதல் தாவலிலேயே விழுந்துவிடும். புயல் வந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்றால் அப்போது இன்டர்நெட் இருக்காது. ஆகவே ஊரார் எல்லோரும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். தடை செய்த பட்டியலில் இருக்கும் ஒன்றை எந்தக் குடியிருப்புச் சங்கம் துணிந்து சிபாரிசு செய்யும்? போராட்டக்காரனுக்காகப் போட்ட பூட்டு, இன்சுலின் கேட்பவரின் வாயையும் பூட்டிவிடுகிறது. மறுபக்கமும் இதே கணக்குத்தான். போராடுபவர்கள் மட்டும் ஒரு செயலியை வைத்திருந்தால், அது போனில் இருப்பதே சாட்சியம் ஆகிவிடும். பாட்டியும் பால்காரரும் வைத்திருந்தால்தான் அது மறைவிடம். கூட்டம் இல்லாமல் யாரும் கூட்டத்தில் ஒளிய முடியாது.

பழைய வட கல்கத்தாவுக்கு இந்த வலை புதிதல்ல. அங்கே அக்கம்பக்கத்தை 'பாடா' என்பார்கள். வீட்டு வாசலில் 'ரோயாக்' என்றொரு மேடை. நம் ஊர்த் திண்ணைதான். மாலையில் அங்கே உட்கார்ந்து பேசுபவர்களிடம் சொன்ன செய்தி இரவுக்குள் தெருக்கோடியை எட்டிவிடும். யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் தனிக்கிழவி என்பது எல்லோருக்கும் தெரியும். நியூ டவுனைத் திட்டமிட்டவர்கள் சாலை போட்டார்கள், பூங்கா போட்டார்கள், திண்ணை போட மறந்தார்கள். வாசலில் காவலாளி, உள்ளே லிஃப்ட், எதிர்க்கதவில் இருப்பவரின் பெயர் தெரியாது. போனிலிருந்து போனுக்குப் போகும் வலை, தொலைந்த திண்ணைக்கு ஒரு மாற்றுத்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இத்தனை பேர் வசிக்கும் ஊரில் இதைச் செய்து பார்க்காவிட்டால் வேறெங்கே செய்து பார்ப்பது?

செய்வதற்குப் பெரிய பணம் வேண்டாம். புயல் பருவத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடியிருப்பு முழுவதும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போகிறதா என்று பார்க்கலாம். கான்கிரீட் சுவர் எங்கே தடுக்கிறது, எந்தப் போன் பையில் போட்டதும் தூங்கிவிடுகிறது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். அவசர உதவி கேட்கப் பெயரும் வீட்டு நம்பரும் சொல்லும் ஒரு பொதுப் பலகை, மற்ற பேச்சுக்குப் பெயர் கேட்காத தனி அறை என்று இரண்டையும் ஒரே செயலியில் வைக்க முடியும். எந்தச் செய்தி எத்தனை கை மாறலாம் என்ற வரம்பு வதந்திக்கும் கொஞ்சம் கடிவாளம்.

மத்திய அரசு 2023ல் பல கட்டங்களாகச் சோதனை நடத்தியது நினைவிருக்கலாம். போன்கள் திடீரென அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான ஒத்திகை என்று திரையில் எழுதி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது அரசு குடிமகனிடம் பேசும் வழி. அதற்கும் கோபுரம் வேண்டும். குடிமகன் குடிமகனிடம் பேசும் வழியை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. பார்க்க விடுவதற்கே அரசுக்குத் தயக்கம்.

குற்றவாளியைத் தேடிப் பிடிக்க போலீசுக்கு வழிகள் இருக்கின்றன. நீதிமன்ற ஆணை இருக்கிறது. பழைய பாணித் துப்பறியும் வேலை இருக்கிறது. கூரையில் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கையில் இருக்கும் போன் ஒன்றுதான் வழி. அடுத்த புயல் வங்காள விரிகுடாவில் எந்த ஆண்டு கிளம்பும் என்று தெரியாது. கிளம்பும் என்பது மட்டும் தெரியும். அன்று நியூ டவுனில் ஒருவர் அனுப்பும் செய்தியை, அவர் பெயரே அறியாத பக்கத்து வீட்டாரின் போன் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கடத்துமா என்பது, இன்று அதற்கு நாம் அனுமதி கொடுக்கிறோமா என்பதைப் பொறுத்தது.